மூச்சுக்காக ஒரு மாதம்: மலையகத்தில் நடைச் சவாலில் புதிதாகச் சேருபவர்களுக்கு

ஒரு மாதத்தில் இத்தனை கிலோமீற்றர் நடக்கிறேன், முடிந்ததைத் தாருங்கள், சேருகிற பணம் நெஞ்சு வருத்தக்காரருக்கு, அதாவது நுரையீரல் நோயாளிகளுக்கு, போகும் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குவதுதான் நடைச் சவால். ஓடியும் செய்யலாம், சைக்கிளிலும் செய்யலாம், ஆனால் நம் மலைப் பக்கத்தில் நடைதான் எல்லோராலும் முடிகிற காரியம். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து இதை நான்கு வருடமாகச் செய்து வருகிறோம். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருபவர்கள் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், அதே இடங்களில் தடுமாறுகிறார்கள். அதனால் முதலிலிருந்து கடைசி வரை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஒரு பீடி கூடத் தொட்டதில்லை. ஈபிஎஃப் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய இரண்டாவது வருடம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டார்கள். காரணம் எங்கள் லயத்துக் காம்பராவுக்குள்ளேயே, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக்குள்ளேயே, இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத குசினி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வந்த மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட குச்சிகள். காய்ந்த மிலாறு பரவாயில்லை. மழைக்காலத்தில் ஈர மிலாற்றை ஊதி ஊதி எரியவைக்கும்போது கூரைத் தகரத்திலிருந்து இடுப்பளவு வரை புகை இறங்கி நிற்கும், அம்மா அந்தப் புகைக்குக் கீழே குனிந்து தலையை வைத்துக்கொண்டு ரொட்டி சுடுவார். விடியற்காலை ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், வருடக்கணக்காக. புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வர விறகுப் புகை பெரிய காரணம் என்று டொக்டர் சொன்னபோது எங்கள் லயத்தில் இருமிக்கொண்டிருந்த மற்றவர்களின் முகங்களும் சேர்ந்து நினைவுக்கு வந்தன. அதனால் இந்த வழிகாட்டியில் தூரம், வேகம், நேரம் எல்லாவற்றையும் மூச்சை வைத்தே அளந்திருக்கிறேன்.

முதல் வேலை: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

நுரையீரலுக்கென்று வருடத்தில் பல நாட்கள் இருக்கின்றன. மார்ச் 24 உலகக் காசநோய் தினம். மே மாதத்தின் முதல் செவ்வாய் ஆஸ்துமா தினம், செப்டெம்பர் 25 நுரையீரல் தினம், நவம்பரின் மூன்றாவது புதன் நுரையீரல் அடைப்பு நோய்க்கான தினம். எதை வைத்தும் நடக்கலாம், ஆனால் மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா பக்கம் இருப்பவர்களுக்கு நான் மார்ச்சைத்தான் சொல்வேன். மே கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை இங்கே நம்மை விடாது. நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மின்னலும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துக்கு டிசம்பர், ஜனவரியில்தான் மழை, மார்ச்சில் அவர்களுக்கும் வெளித்துவிடும். மாதக் கடைசியில் பின்னேர மழை எட்டிப் பார்க்கும்தான், முற்பகலில் நடந்து முடித்தால் தப்பலாம்.

மார்ச்சைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1882 மார்ச் 24இல்தான் ரொபர்ட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை பெர்லினில் அறிவித்தார். இத்தனை காலம் ஆகியும் நம் லயங்களில் காசநோய் என்றால் இன்னும் மறைக்கிறார்கள், கலியாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். அது பரம்பரை நோய் கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நம் நாட்டில் அரசாங்கத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம், வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் குளிசை போட்டால் குணமாகிவிடும். நீங்கள் நடக்கிற ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் “எதுக்கு தம்பி நடக்கிறீங்க?” என்று கேட்பார். அப்போது இதைச் சொல்லுங்கள். பணத்தைவிட அந்தப் பேச்சு அதிகம் உதவிய சந்தர்ப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் கணக்கிடாதீர்கள்

சமவெளிக்காரர் போட்ட திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மாதம் 100 கிலோமீற்றர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டாவது வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். மலையில் தூரம் பாதிதான், ஏற்றம் மீதி. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன ஒரு கணக்கு இன்றைக்கும் உதவுகிறது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படியென்றால் 100 மீற்றர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். இது நல்ல உடம்புக்காரரின் கணக்கு, புதிதாகத் தொடங்குபவர் இதிலும் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது.

முதல் தடவை என்றால் மாதத்துக்கு 60 கிலோமீற்றர் போதும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் நாளுக்கு மூன்று கிலோமீற்றர் கூட வராது. முடிக்கக்கூடிய இலக்கை வைத்து முடித்துக் காட்டினால்தான் அடுத்த வருடம் கேட்கும்போது ஆட்கள் தருவார்கள்.

கொழும்பிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் நாளே ஓட வேண்டாம், ஒரு நாள் மெதுவாக நடந்து பழகுங்கள்.

கொழுந்து பறிக்கிற அக்காமார் சேர விரும்பினால் வேலை முடிந்து களைத்து வருபவர்களிடம் இன்னும் நட என்று சொல்லாதீர்கள். என் போனை ஒரு நாள் எங்கள் டிவிசன் அக்கா ஒருவரிடம் கொடுத்து மடியில் கட்டி அனுப்பினேன். பின்னேரம் கொழுந்தை நிறுக்க வந்தபோது பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் நடந்ததைவிட அவர் கூடுதலாக நடந்திருந்தார், அதுவும் முதுகில் கூடையோடு. அன்றிலிருந்து மலையில் நடக்கிற நடையையும் எங்கள் சவாலில் கணக்கில் சேர்க்கிறோம்.

உடம்பைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்

நாற்பது வயது தாண்டியவர், பிரஷர், சீனி, இதய வருத்தம் உள்ளவர், படி ஏறினால் நெஞ்சு அடைப்பதுபோல் இருப்பவர், சளியில் இரத்தம் கண்டவர், இரண்டு வாரமாக இருமுகிறவர், இவர்கள் எல்லோரும் டொக்டரிடம் கேட்காமல் ஒரு அடி கூட வைக்க வேண்டாம். தொய்வு (ஆஸ்துமா) இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம், ஆனால் குளிர்ந்த வறண்ட காற்று இழுப்பைக் கிளப்பிவிடும் என்பதை மறக்கக்கூடாது. மூக்கையும் வாயையும் ஒரு மெல்லிய சால்வையால் மூடிக்கொண்டால் உள்ளே போகிற காற்று கொஞ்சம் சூடாகும். நடப்பதற்கு முன் நீல பம்ப் (இழுப்பை உடனே தணிக்கிற இன்ஹேலர்) அடிக்க வேண்டுமா என்பதை உங்கள் டொக்டர் சொல்லட்டும். தினமும் எடுக்கச் சொன்ன பிறவுண் பம்பை, இப்போது நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கி வைத்திருப்பதே அதுதான்.

பொங்கல் முடிந்த கையோடு பயிற்சி

தைப்பொங்கலுக்கும் மார்ச் முதலாம் திகதிக்கும் நடுவில் ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. அது போதும். முதல் வாரம் மட்டமான இடத்தில் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நாளை மட்டும் ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள். இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள், மறுநாள் தொடையின் முன்பக்கம் பிடித்துக்கொள்வது இறக்கத்தால்தான். வளைந்து வளைந்து, சின்ன அடியாக வைத்து இறங்குங்கள்.

வேகத்துக்கு மணிக்கூடு தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் கூடிப்போய்விட்டது.

ஏற்றத்தில் மூச்சு விடுகிற முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அம்மாவை நடக்க வைத்தது இதுதான். மூக்கால் மெதுவாக இழுங்கள், இரண்டு அடி வைக்கும் நேரம். அப்புறம் உதட்டைக் குவித்து, எதிரில் ஒரு குத்துவிளக்குச் சுடர் இருப்பதாக நினைத்து, அது அணையாமல் ஆடுகிற அளவுக்கு மட்டும் ஊதிக்கொண்டே நான்கு அடி வையுங்கள். இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு நேரம் விடுவது. அடைப்பு நோயில் பிரச்சினையே பழைய காற்று முழுதாக வெளியே போகாமல் உள்ளே தேங்கி நிற்பதுதான், அதனால்தான் எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை என்று தோன்றும். உதட்டைக் குவித்து விடும்போது மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். கிளினிக்கில் இதைக் காட்டிக்கொடுத்த பிறகு அம்மா எங்கள் லயத்திலிருந்து பிள்ளையார் கோயில் வரை தினமும் நடக்கத் தொடங்கினார். முன்னூறு மீற்றர் இருக்கும். முதல் நாள் ஐந்து இடத்தில் நின்றார், ஒவ்வொரு இடத்திலும் பாதையோரக் கட்டைப் பிடித்துக்கொண்டு. மாதக் கடைசியில் இரண்டு இடத்தில் மட்டும் நின்றார். அவருடைய நுரையீரல் பழையபடி ஆகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் காலும் மூச்சும் ஒன்றோடொன்று பழகிக்கொண்டன. எங்கள் சவாலில் அம்மாவின் முன்னூறு மீற்றருக்கும் காசு எழுதினார்கள்.

எந்த நேரத்தில் நடப்பது? விடியற்காலை நல்ல காற்று என்று எல்லோரும் சொல்வார்கள். மலையில் அது எப்போதும் சரிவராது. காலை ஐந்து ஆறு மணிக்கு எல்லா லயத்திலும் அடுப்பு எரியும், கீழே குளிர்ந்த காற்று கனமாகப் படுத்திருப்பதால் அந்தப் புகை மேலே எழும்பாமல் பள்ளத்திலேயே கிடக்கும். மேலே நின்று பார்த்தால் பனிபோல அழகாகத் தெரியும், பாதி அடுப்புப் புகை. வெயில் ஏறி அது கலைந்த பிறகு, எட்டு மணிவாக்கில் நடங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது என்றால், லயத்துக்கு மேலே உள்ள பாதையையாவது தேர்ந்தெடுங்கள்.

காலுக்கும் உடம்புக்கும்

புதுச் சப்பாத்தைச் சவால் தொடங்கும் நாளில் போடாதீர்கள், இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள். கால் நகத்தை வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் நகம் சப்பாத்தில் முட்டி இரத்தம் கட்டும். ஈரப் பாதையில் அட்டை ஏறும். சவர்க்காரத்தை நனைத்து மேஜோட்டின் மேல் நன்றாகத் தேய்த்து விட்டால் ஓரளவு தள்ளி நிற்கும், ஏறிவிட்டால் உப்பு. பிய்த்து எடுக்க வேண்டாம். வயிறு நிறைய ரொட்டி தின்றுவிட்டு ஏறினால் மூச்சு முட்டும், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு வாழைப்பழமும் ஒரு பிளேன்டியும் குடித்துவிட்டுப் போனால் ஒரு மணி நேர நடைக்குப் போதும். குளிராக இருக்கிறது, தாகமில்லை என்று தண்ணீரைத் தவிர்க்காதீர்கள்.

காசு விஷயம்

எனக்குத் தெரிந்து நடைச் சவால்கள் கெட்டுப்போவது காலால் அல்ல, கணக்கால். அதனால் முதல் ரூபாவை வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். தனி ஆளின் வங்கிக் கணக்கில் பணம் வாங்க வேண்டாம். தோட்டத்து நலன்புரிச் சங்கத்துக்கோ இளைஞர் கழகத்துக்கோ கணக்கு இருந்தால் அதைக் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் மட்டும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்றைத் திறங்கள். கையில் தருபவர்களுக்குப் பற்றுச்சீட்டு கொடுங்கள், ஐம்பது ரூபாவாக இருந்தாலும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் இதுவரை சேர்ந்தது எவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். போன் இல்லாதவர்களுக்காக அதையே ஒரு தாளில் எழுதி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சுவரிலும் ஒட்டுங்கள்.

கேட்கிற முறை இரண்டு. மொத்தமாக ஒரு தொகை கேட்கலாம், அல்லது கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கி முடிந்த பிறகு வசூலிக்கலாம். வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருப்பவர்களிடம் இரண்டாவது நன்றாக வேலை செய்யும், அவர்கள் நாளுக்கு நாள் நீங்கள் போடுகிற தூரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தோட்டத்துக்குள் சம்பள நாளுக்கு அடுத்த நாள் மட்டும் கேளுங்கள், ஒரு வீட்டில் இரண்டாவது முறை கேட்காதீர்கள், பெயர்ப் பட்டியலில் தொகையைப் போட்டு ஒட்டாதீர்கள். தர முடியாதவரின் மனம் அதில்தான் நோகும்.

தூரத்தைப் பதிவுசெய்ய போனில் ஸ்ட்ராவா மாதிரி ஒரு செயலி போதும். சிக்னல் இல்லாத மலையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், டேட்டா தேவையில்லை. செயலி காட்டுகிற ஏற்றத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

வாங்குவதற்கு முன் கேளுங்கள்

முதல் வருடம் நாங்கள் செய்த பிழை இது. சேர்ந்த பணத்துக்கு, மருந்தைப் புகைபோலாக்கி மூச்சோடு இழுக்கவைக்கிற நெபுலைசர் ஒன்றை ஆசையாக வாங்கிக்கொண்டு ஒரு வைத்தியசாலைக்குப் போனோம். வார்டில் ஏற்கெனவே இரண்டு சும்மா இருந்தன, அவற்றுக்குப் பொருத்துகிற சிறுவர் முகமூடிகள்தான் இல்லை. மிஸ்ஸி (தாதி) ஒருவர் எங்களை உட்காரவைத்துத் தன்மையாகச் சொன்னார்: “தம்பி, முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா லிஸ்ட்டே எழுதித் தந்திருப்பேனே.” அடுத்த வருடத்திலிருந்து பொறுப்பு வைத்திய அதிகாரிக்கு ஜனவரியிலேயே கடிதம் கொடுத்து, என்ன தேவை என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம்.

பெரும்பாலும் கேட்பது சின்னச் சின்னப் பொருட்கள். அதில் ஒன்று ஸ்பேசர், பம்ப் மருந்து தொண்டையில் படிந்துவிடாமல் நுரையீரலுக்குப் போக நடுவில் பொருத்துகிற குழாய். அது வாங்க முடியாத வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது: 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் அடியில், சூடாக்கிய கம்பியால் பம்பின் வாய் அளவுக்குச் சரியாக ஓட்டை போட்டு, பம்பை இறுக்கமாகச் செருகி, பிள்ளை போத்தலின் வாயால் மூச்சு இழுக்க வேண்டும். தென்னாபிரிக்காவில் சிறுவர்களிடம் இதைச் சோதித்து, கடையில் விற்கிற ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். கிளினிக்கில் ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

பணத்தில் ஒரு பகுதியைக் குசினிக்கும் ஒதுக்கலாம் என்பது என் ஆசை. அனகி மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், ஆனால் புகை வெளியே போக மேலே ஒரு புகைபோக்கியும் வேண்டும். ஒரு லயத்தில் நாலு குசினிக்குப் புகைபோக்கி வைத்தாலே வித்தியாசம் மூக்குக்குத் தெரியும்.

கடைசி நாள் கூட்டு நடை

தனித்தனியாக நடந்தவர்கள் கடைசி ஞாயிறு ஒன்றாக நடப்பது நல்ல வழக்கம். தோட்டப் பாதை என்றால் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெருந்தெரு என்றால் பொலிஸுக்கும் பிரதேச சபைக்கும் அறிவியுங்கள். எந்த மலைக்கு மருந்து அடித்திருக்கிறார்கள் என்று கங்காணியிடம் முதல் நாளே கேட்டு அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள், நுரையீரலுக்காக நடந்துகொண்டு களைநாசினியைச் சுவாசிக்கக் கூடாது. குளவிக் கூடு எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். இரயில் பாதையில் நடக்கவே வேண்டாம்.

இடம் என்று பார்த்தால், நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும் வருகிறார்கள் என்றால் நுவரெலியா கிரகரி வாவிக் கரை மாதிரி மட்டமான இடம் நல்லது. தெம்பானவர்களுக்கு ஹப்புத்தளை தம்பேத்தன்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் காட்சிமுனை வரை ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர், முழுக்க ஏற்றம், முழுக்கத் தேயிலை. சிவனொளிபாதமலையை முதல் சவாலுக்கு எடுக்காதீர்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள்.

வாகனம் இடப்பக்கம் போகிற நாடு இது, அதனால் எதிரே வருவதைப் பார்த்தபடி வலப்பக்கம் நடக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் மட்டும் சாரதிக்குத் தெரியும்படி வெளிப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவருக்கும் மினுங்கும் மேலங்கி. கடைசியில் வருபவர் யாரையும் அவசரப்படுத்தாத குணமுள்ளவராக இருக்கட்டும்.

பம்ப் வைத்திருப்பவர் அதைத் தன் சட்டைப் பையில் வைக்க வேண்டும், வேனில் இருக்கும் பையில் அல்ல. இரண்டாவது வருடம் ஒரு தம்பிக்கு ஏற்றத்தில் இழுப்பு வந்தபோது வேன் இரண்டு வளைவுக்குக் கீழே நின்றது. ஒருவர் ஓடிப்போய் எடுத்து வரும்வரை காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. அப்படி யாருக்காவது வந்தால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள், சுற்றி நிற்காமல் காற்று விடுங்கள். நீல பம்பில் ஒரு தடவைக்கு ஒரு அடியாக, ஸ்பேசர் வழியாக நான்கு அடி, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பார்த்துவிட்டுக் குறையாவிட்டால் மறுபடி நான்கு. பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் எதற்கும் காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். தோட்டத்துக்குள் இடம் சொல்வது கஷ்டம் என்பதால் டிவிசன் பெயர், பக்கத்துக் கோயில், பெருந்தெருவிலிருந்து திரும்புகிற சந்தி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி முன்னால் போகிறவரிடம் கொடுத்து வையுங்கள்.

முடிந்த பிறகு

ஏப்ரல் பிறந்தால் எல்லோருக்கும் புத்தாண்டு வேலை வந்துவிடும், எழுதிக் கொடுத்த காசு அப்படியே நின்றுவிடும். அதனால் மார்ச் 31இலிருந்து ஒரு வாரத்துக்குள் வசூலித்து முடியுங்கள். பொருளாக வாங்கி, பில்லின் பிரதியோடு வைத்தியசாலையில் கையளித்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். நோயாளியின் முகம் தெரியும்படி படம் எடுக்காதீர்கள். வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதே கொழுந்து மடுவத்துச் சுவரில் பழைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். போன வருடம் எங்களுக்கு மிச்சம் 140 ரூபா. அதையும் எழுதியிருந்தோம்.